ஜன்னலை அடைத்தவர்

அத்தியாயம் 11

“என் வீடு, என் இஷ்டம்.”

சென்ற வாரம் அந்த நாலு வார்த்தையைக் கேட்டுக் கல்லூரி அரங்கமே உச்சுக்கொட்டியது. பெரிய திரையில் ஓடிய வீடியோவில், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வளர்ந்த அறையின் ஒரே ஜன்னலை அவருடைய அப்பா செங்கல் வைத்து அடைத்துவிட்டாராம். ஏன் என்று கேட்ட மகனுக்கு அப்பா கொடுத்த பதில்தான் அது. வெளிச்சத்துக்கு ஏங்கி ஏங்கியே கட்டடக் கலைஞன் ஆனேன் என்று அவர் முடித்தபோது, மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அரங்கத்தின் பின்கோடியில் உட்கார்ந்து அந்த வீடியோவுக்கு ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தவர் மைக்காரர். இருபத்தாறு வருஷமாக அங்கே மைக் வைக்கிறவர். ஜன்னலை அடைத்த அப்பா அவர்தான்.

அங்கே அது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி அவருடைய சின்ன மகள். அதே கல்லூரியில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறவள். கட்டடக்கலை மாணவர் மன்றத்தின் செயலர். திரையில் பேசியவன் அவளுடைய அண்ணன். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவன். போன இடத்தில் பெயரையும் மாற்றிக்கொண்டான். அதனால்தான் ‘அவர் எங்க அண்ணன்’ என்பதை அவள் மூன்று வருஷமாக மென்று முழுங்க முடிந்தது.

அன்று வீடியோ முடிந்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ரெக்கார்டிங் சரியில்ல. குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கு.”

இந்த வாரம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனே வரப்போகிறான்.

*

காலை பத்து மணிக்கு மன்றக் கூட்டம். மன்ற அறை என்று பேர்தான். மாடிப்படிக்குக் கீழே கிடந்த ஓர் இடத்தைக் கதவு போட்டு வளைத்திருந்தார்கள். அலமாரி முழுக்கப் போன வருஷத்து அட்டை வீடுகள். பாதிக்குக் கூரை இல்லை, மீதிக்கு வாசல் இல்லை. பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போதாக்குறைக்கு மூலையில் ஓர் ஏணி. அறிவிப்பு ஒலிபெருக்கி நாலு நாளாக ஊமையாகிவிட்டது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். ஏணியின் மேல் படியில் மைக்காரர் நின்று ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மன்றத் தலைவனை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்பார்கள். ஆள் நெட்டை, பேச்சும் கோடு போட்ட மாதிரி நேராக வரும்.

“முதல்ல முதலாம் ஆண்டுக்கு அட்டை மாடல் பயிற்சி. ரெண்டு நாள். அடுத்து, பழைய பஸ் டிப்போவை அளந்து வரையறது. போன வருஷம் மாதிரி அளவு நாடாவைத் தொலைச்சிட்டு வந்து நிக்கக் கூடாது. எழுதிக்கிட்டியா செயலரே?”

“எழுதிட்டேன்.”

“மூணாவது, சிறப்பு விருந்தினர். அதை மேடமே சொல்லுவாங்க.”

மன்றத்தின் ஆலோசகரான பேராசிரியை எழுந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததுமே சின்னவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஒத்துக்கிட்டார்,” என்றார் மேடம்.

அறை கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. மேடம் கையமர்த்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துப் படித்தார்.

“‘மாணவர்களிடம் பேச எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு வேண்டுகோள். நான் பேசுவதற்கு முன்னால், அன்று காலையில் நாற்பது மாணவர்கள் நான் வளர்ந்த வீட்டுக்கு வர வேண்டும். அந்த அறையில் நின்று பார்க்க வேண்டும். அளந்து வரைய வேண்டும். வெளிச்சத்தைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது வேறு, இருட்டில் நிற்பது வேறு. வீடு உங்கள் ஊரில்தான் இருக்கிறது. முகவரியைப் பிறகு அனுப்புகிறேன்.’”

“நம்ம ஊர்லயா!” என்றாள் ஒருத்தி. “அந்த அப்பா இன்னும் இருப்பாரா?”

“இருந்தா ஒரு கேள்வி கேக்கணும்,” என்றான் ஸ்கேல். “பெத்த பிள்ளைய இருட்டுல போட்டு வளத்தியே, ராத்திரி தூக்கம் வந்துச்சா உனக்குன்னு. இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா? என்ன அங்கிள், நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணை நீங்க இப்படியா வச்சிருக்கீங்க?”

ஏணி மேலிருந்து மைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாயில் இரண்டு ஆணி கவ்வியிருந்தார். அவற்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி தம்பி,” என்றார்.

இப்போது சொல்லியிருக்கலாம். சின்னவள் வாயைத் திறந்தால் போதும்; அறை அடங்கியிருக்கும். ஆனால் மூன்று வருஷத்துப் பொய்யை இருபது பேர் நடுவில் அவிழ்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. குனிந்து, ‘கள ஆய்வு: விருந்தினர் வளர்ந்த வீடு, 40 பேர்’ என்று நோட்டில் எழுதினாள்.

“கள ஆய்வுக்கு நீயே பொறுப்பு எடுத்துக்கோ,” என்றார் மேடம் அவளிடம். “இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அறிக்கை எல்லாருக்கும் போயிடணும். அவருக்கும் ஒரு நகல் அனுப்பிடு.”

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரவென்று உயிர்பெற்றது. எல்லோரும் மைக்காரருக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

*

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அப்பாவை அவள் தாழ்வாரத்தில் எட்டிப் பிடித்தாள்.

“அப்பா, நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க.”

“எதை?”

“அந்த அப்பா நீங்கதான்னு.”

“நல்ல வேளை சொல்லல. ஏணி மேல நிக்கும்போது சொல்லியிருந்தா விழுந்திருப்பேன்.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாப்பது பேர் நம்ம வீட்டுக்கு வரப்போறாங்கப்பா. அந்த அறையைப் பாக்க. உங்களைத் திட்ட.”

“வரட்டும். பெருக்கி வைக்கணும். ஒரே ஒயரா கெடக்கு.”

“உங்களுக்குக் கோவமே வராதா?”

அப்பா ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டார். “கோவப்பட்டா நின்னு பதில் சொல்லணும்மா. எனக்குப் பதினோரு மணிக்கு அடுத்த புரோகிராம் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

*

பெரியவனின் எண் அவளிடம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் எண்ணை மாற்றியபோது அவன் அம்மாவிடம் மட்டும் கொடுத்தான்; அம்மாவிடமிருந்து இவள் குறித்துக்கொண்டாள். ஒரு தடவைகூட அழைத்ததில்லை. அன்று சாப்பாட்டு இடைவேளையில், கல்லூரி மரப்பட்டறைக்குப் பின்னால் மரத்தூள் மூட்டைகள் நடுவே நின்று அழைத்தாள்.

“அண்ணா, நான்தான். சின்னவ.”

“சொல்லும்மா. செயலர் நீதான்னு மெயில்ல பார்த்தேன். நல்லா பண்றே,” என்றான். பழகின குரல்தான், வீடியோவில் பழகினது.

சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியவில்லை. “எதுக்காக நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றே? அப்பாவை அசிங்கப்படுத்தவா?”

“அது என் வேலையோட ஆரம்பம். மாணவர்கள் பார்க்கணும்.”

“ஜன்னலை ஏன் அடைச்சாங்கன்னு உனக்குத் தெரியாதா? அம்மா என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காங்க தெரியுமா? எதிர்ல கல் அறுக்கிற பட்டறை. நாள் பூரா தூசி. உனக்கு அஞ்சு வயசு. மூச்சு இழுப்பு. ஜன்னல் கதவைச் சாத்தி, துணி அடைச்சு, எதுக்கும் கேக்கல. டாக்டர், தூசி ஆகவே ஆகாதுன்னுட்டார். அப்பா செங்கல் வாங்கிட்டு வந்து, தன் கையாலயே...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“தூசி எனக்குத் தெரியாதாம்மா? இழுத்தது என் மூச்சு.”

“அப்புறம் ஏன் மேடையில ஒரு தடவைகூட அதைச் சொல்லல?”

“சொன்னா அது வேற கதை. பாசமுள்ள அப்பா, சீக்காளிப் பிள்ளை. அதைக் கேட்டுட்டு யாரும் ஒண்ணும் கத்துக்கப் போறதில்ல.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “சரி, நான் பாதியைத்தான் சொல்றேன்னே வச்சுக்கோ. மிச்சப் பாதியை நீ கேட்டுச் சொல்லு. எனக்கு எட்டு வயசுல இழுப்பு நின்னுபோச்சு. பத்து வயசுல பட்டறையையே மூடிட்டாங்க. எதிர்ல வெறும் காலி இடம். பதினேழு வயசு வரைக்கும் நான் பகல்ல லைட் போட்டுப் படிச்சேன். ஏன் தொறக்கல? நான் கேக்காத நாள் இல்ல. அவர் என்ன சொன்னார் தெரியுமா?”

அவளுக்குத் தெரியும். கல்லூரிக்கே தெரியும்.

“அந்த வார்த்தையை நான் கண்டுபிடிக்கல. அவர் வாயில வந்ததுதான். வேற பதில் இருந்தா வாங்கிட்டு வா. நான் மேடையிலயே மாத்திக்கிறேன்.”

அவன் இணைப்பைத் துண்டித்தான். அண்ணனைக் கேள்வி கேட்கப் போனவள், அவன் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

*

அம்மாவுக்கு மருத்துவமனையில் பதிவேட்டு அறையில் வேலை. நாலரை மணிக்கு வீட்டுக்கு வருவாள். வந்ததும் விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். பழைய காகித வாசனை போகவில்லை என்பாள்.

இன்று வந்தபோது பின் அறையில் விளக்கு எரிந்தது. அப்பா சுவரோரத்து ஒயர்ச் சுருள்களை ஒவ்வொன்றாகக் கூடத்துக்குக் கடத்திக்கொண்டிருந்தார். வெறுமையான சுவரில் ஜன்னல் இருந்த இடம் தனியாகத் தெரிந்தது. சுண்ணாம்பு எத்தனை பூசியும் அந்தச் சதுரம் மட்டும் நிறம் சேரவில்லை.

“என்னங்க இது?”

“பெரியவன் வர்றான். கூடவே நாப்பது பேர்,” என்றார் அப்பா.

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம், கள ஆய்வு, ஸ்கேல் பேசியது, அண்ணனுடன் பேசியது. அம்மா கையைத் துடைக்காமலேயே கேட்டுக்கொண்டு நின்றாள். தரையில் நீர் சொட்டியது.

“ஒரே ஒரு விஷயம் கேக்கிறேன் அப்பா,” என்றாள் சின்னவள். “அண்ணனுக்கு உடம்பு சரியானதும் ஏன் தொறக்கல?”

அப்பா ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, ஒரே சீராக.

“விட்டுப்போச்சு.”

“ஒன்பது வருஷமா?”

“நாளைக்குன்னு தள்ளுறதுதான். எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே.”

“அவன் தினம் கேட்டிருக்கான்பா! நீங்க என் வீடு என் இஷ்டம்னு சொல்லியிருக்கீங்க. ஒரு மனுஷன் தன் பிள்ளைகிட்டப் பேசுற பேச்சா அது? அவன் மேடையில சொல்றதுல என்ன தப்பு இருக்கு?”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஆனால் வாயை விட்டுப் போன சொல்லைத் திருப்பி எடுத்து வைக்க முடியுமா? அப்பா தலை நிமிரவில்லை. ஒயர் மட்டும் ஒரு சுற்றுத் தப்பியது.

“அவரை விடு,” என்றாள் அம்மா.

“ஏன்மா விடணும்?”

“நான்தான் தொறக்க விடல.”

“இந்தா, சும்மா இரு,” என்றார் அப்பா.

“எத்தனை வருஷம்ங்க சும்மா இருக்கிறது?” அம்மா பின் அறை வாசலில் சாய்ந்துகொண்டாள். “ஜன்னலை அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள், உங்கப்பா ஒரு கல்யாண மண்டபத்துல மைக் வைக்கப் போயிருந்தார். நான் மட்டும்தான் வீட்ல. துணி உலர்த்திட்டு வந்து பாக்கிறேன், பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். உதடெல்லாம் நீலம். தூக்கிட்டு ஓடினேன். செருப்புகூட இல்ல. ஆஸ்பத்திரியில, இன்னும் அஞ்சு நிமிஷம் தாமதிச்சிருந்தான்னு சொன்னாங்க. மிச்சத்தைச் சொல்லல.”

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது.

“அவனுக்குச் சரியானதும் உங்கப்பா சுத்தியலோட வந்து நின்னார். நான் சுவத்துக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி வந்தார். தொறந்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்னு சொன்னேன். பட்டறை மூடினாங்க. அப்பவும் எனக்கு அந்தச் சதுரத்தைப் பாத்தா நீல உதடுதான் தெரியும். பைத்தியம்னு வச்சுக்கோ.”

“அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன்? தெனம் என் மடியில படுத்துக்கிட்டு, ‘அப்பா ஏம்மா இப்படி இருக்காரு’ன்னு அழுவான். நான் தலையைத் தடவிக் கொடுப்பேன்.” அம்மாவின் குரல் உடைந்தது. “தடவித்தான் கொடுத்தேன். வாயைத் திறக்கல. ஒரு நாள் சாப்பிடும்போது நேரா உங்கப்பாகிட்ட கேட்டுட்டான். நான் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்கப்பா என்னை ஒரு பார்வை பாத்துட்டு, அந்த வார்த்தையைச் சொன்னார்.”

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். மூன்றாம் ஆண்டு வரை படித்து, சுமை தாங்கும் சுவர், தாங்காத சுவர் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். வீட்டில் எது தாங்கிக்கொண்டிருந்தது என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது.

“அவன் வர்ற அன்னிக்கு நானே சொல்றேன்,” என்றாள் அம்மா. “அந்த நாப்பது பேர் முன்னாடியே சொல்றேன்.”

“சொல்லக் கூடாது!”

அப்பா கத்தி அவள் கேட்டதே இல்லை. ஒலிபெருக்கிகளோடு காலம் தள்ளுகிற மனிதர், வீட்டில் எப்போதும் தணிந்துதான் பேசுவார். இப்போது கையிலிருந்த ஒயர்ச் சுருள் தரையில் விழுந்து பிரிந்தது.

“இந்த வீட்ல அவனுக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆள். ஞாயித்துக்கிழமை ஆனா உன்கிட்டதான் பேசுறான். உடம்பு சரியில்லைன்னா உன்கிட்டதான் சொல்றான். என்னை வெறுக்கிறதுக்கு அவன் பழகிட்டான். அதை வச்சுப் பொழப்பும் நடத்திட்டான். இப்பப் போய் நீன்னு சொன்னா, அவன் எங்க போவான்? அவனுக்கு ஒரு ஆளையாவது மிச்சம் வை.”

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “இவர் இப்படிப் பேசிப் பேசியே என்னைப் பேச விடாம பண்ணிட்டாரு,” என்று மகளிடம் சொன்னாள். நன்றி சொல்கிறாளா, குற்றம் சொல்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும்தானோ என்னவோ.

*

ஐந்தே முக்காலுக்குச் சின்னவள் மடிக்கணினியைத் திறந்தாள். அட்டை மாடல் பயிற்சி, பஸ் டிப்போ என்று வரிசையாகத் தட்டச்சு செய்துகொண்டு வந்தவள் கள ஆய்வில் நின்றாள். முகவரி என்ற இடம் காலியாக இருந்தது. அண்ணன் இன்னும் அனுப்பவில்லை.

“அப்பா, முகவரியை நானே போட்டுடட்டுமா? யார் வீடுன்னும் போட்டுடட்டுமா?”

“அம்மா சொன்னதும் அதுல வருமா?”

“அதை நான் எழுத மாட்டேன்.”

அப்பா யோசித்தார். “போடு. வாசல்ல வந்து நின்னு, அய்யோ இந்த அங்கிளான்னு அந்தப் பிள்ளைங்க சங்கடப்படக் கூடாது. முன்னாடியே தெரியட்டும்.”

திட்ட வருகிறவர்களுடைய சங்கடத்தைப் பற்றி இவர் கவலைப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டே முகவரியை எழுதினாள். அதன் கீழே, ‘வீட்டைக் காட்டுபவர்: விருந்தினரின் தந்தை, நம் அரங்கத்தின் ஒலியமைப்பாளர்’ என்று எழுதி, அப்பாவின் கைப்பேசி எண்ணையும் சேர்த்தாள். கடைசியில் தன் பெயருக்குப் பக்கத்தில், ‘செயலர், விருந்தினரின் தங்கை’ என்று போட்டாள். மறுபடி படித்தால் கை பின்வாங்கிவிடும் என்று படிக்காமலேயே அனுப்பினாள். இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்களுக்கும், மேடத்துக்கும், அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது.

இரண்டாவது நிமிஷம் ஸ்கேல் அழைத்தான்.

“ஏய், அறிக்கையில நம்பர் தப்பா போட்டுட்ட. அது மைக் அங்கிள் நம்பர்.”

“தப்பில்ல. சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“இல்ல, விருந்தினரோட அப்பான்னு...” அவன் குரல் பாதியில் நின்றது. “காலையில நான் பேசினப்ப அவர் ஏணி மேல...”

“ஆமா.”

“உங்க அப்பாகிட்ட நான் ஒரு தடவை பேசலாமா?”

“இப்ப வேண்டாம்,” என்று சொல்லி அவள் வைத்தாள். அவனிடம் கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் தெரியாமல் சொன்னான். அவள் தெரிந்தே பேசாமல் இருந்தாள்.

கூடத்தில் அப்பா தரையில் பிரிந்து கிடந்த ஒயரை மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தார். அம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அலமாரி மேல் இருந்த அப்பாவின் கைப்பேசி அதிர்ந்தது.

“யாரும்மா பாரு.”

சின்னவள் எடுத்தாள். பெயர் வரவில்லை, எண் மட்டும். இன்று மதியம்தான் அவள் அந்த எண்ணுக்கு அழைத்திருந்தாள். அம்மாவுக்கு அவள் முகமே சொல்லிவிட்டது. ஒயர் முனையை விட்டுவிட்டு எழுந்தாள். ‘நான் பேசுறேன்’ என்பதுபோல் கையை நீட்டினாள்.

சின்னவள் கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்தாள்.

“ஹலோ,” என்றார் அவர். “யாருங்க?”

பதில் இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் வெளியே வரைக்கும் கேட்டது. மைக்காரர் தலையைச் சாய்த்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“சத்தம் வரலைங்க,” என்றார். “கொஞ்சம் பக்கத்துல வந்து பேசுங்க.”